மேல்கல்லுக்கு அந்தப் பக்கம்

கொடைக்கானல் டவுன் எங்கள் ஊருக்கு என்ன முறை வேண்டும் என்று யாராவது கேட்டால், சம்பந்தி வீடு என்றுதான் சொல்வேன். பொழுது விடிந்தால் ஏதாவது ஒரு காரியத்துக்கு அங்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது. மண்டியில் பூண்டு போட, மாத்திரை வாங்க, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்க. போகும்போது கேரட், பீன்ஸ், பால் என்று கை நிறையக் கொண்டு போகிறோம். வரும்போது 'அடுத்த வாரம் வாங்க' என்ற பதிலோடு வருகிறோம். சம்பந்தி வீட்டோடு சண்டையும் போட முடியாது, உறவையும் முறிக்க முடியாது. வாயைக் கட்டிக்கொண்டு சிரித்துவிட்டு வர வேண்டியதுதான். எனக்கு அந்த வாயைக் கட்டும் வித்தை மட்டும் வரவே இல்லை.

எங்கள் ஊர் டவுனுக்குள் இல்லை. மலை ரோட்டிலிருந்து ஜீப் தடம் பிரிந்து இறங்கும், அதன் கடைசியில் இருக்கிறது. தனி ஊராட்சி. ஊராட்சிக்கு மேலே ஒன்றியம். அந்த ஒன்றியத்தின் அலுவலகம் இருப்பதோ டவுனுக்குள். ஆனால் டவுன் அந்த ஒன்றியத்தில் சேர்ந்ததில்லை. அதற்கு நகராட்சி தனி. எங்கள் அலுவலகம் மட்டும் அங்கே குடியிருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்வதற்குக்கூட எங்களுடையதல்லாத ஊருக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும். அதற்கும் மேலே கலெக்டரைப் பார்ப்பதென்றால் விடிவதற்கு முன் கிளம்பி, மலையிறங்கி, வத்தலக்குண்டு தாண்டித் திண்டுக்கல் போக வேண்டும். பஸ்ஸில் பாதிப் பேர் வளைவுகளில் வாந்தி எடுத்தபடிதான் எங்கள் மாவட்டத் தலைநகரத்தைப் பார்த்திருக்கிறோம்.

இந்த விஷயம் எனக்கு விநோதமாகப் பட்டதே ஒரு பிரெஞ்சுக்கார அம்மா என் அடுப்படியில் வந்து உட்கார்ந்த பிறகுதான். அவரைக் கூட்டி வந்தவன் என் தம்பி.

என் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே உடன்பிறப்பு. டவுனில் குடியிருக்கிறான். முதலில் ஜீப் ஓட்டினான், பிறகு இரண்டு அறை எடுத்து வாடகைக்கு விட்டான், இப்போது அவனுக்கு போன் வராத நேரம் கிடையாது. எங்கள் அப்பா தனக்கிருந்த நிலத்தைப் பிரித்தபோது ஊருக்கு மேலே, சோலைக்காட்டை ஒட்டிய துண்டு அவனுக்கு வந்தது. வெறும் கல்லும் புதருமாகக் கிடந்த இடம். "எனக்கு மட்டும் பாறையக் குடுத்துட்டாங்க" என்று அவன் விளையாட்டாகப் பேசும்போதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கும். பூண்டு பிடுங்கினால் முதல் கட்டு அவன் வீட்டுக்குத்தான் போகும். என் வீட்டுக்காரர் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் அவனுடைய அறையில் தங்கினால் எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டி வருவான். கிராமத்துச் சாப்பாடு என்று அதற்கு ஒரு பெயர். நான் வழக்கமாகச் செய்யும் பூண்டுக் குழம்பும் பீன்ஸ் பொரியலும்தான். கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் ஒரு விடுதியின் சமையல்கட்டில் சில வருடம் இருந்ததால், எனக்கு ஆங்கிலம் கேட்டால் புரியும். பேசினால்தான் கல்லும் மண்ணுமாக வரும். அது அவனுக்கும் தெரியும்.

அந்த அம்மா லியோன் என்ற பெரிய நகரத்துக்கு வெளியே, திராட்சை விளைகிற கிராமத்தில் இருப்பவர். ஏதோ ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுப்புக்கு மேலே புகை படத் தொங்கவிட்டிருந்த பூண்டுக் கட்டுகளை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். நான் ஒரு பூண்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். சாப்பிட்டு முடிந்ததும் அவர் எங்கள் ஊர் டவுனைச் சேர்ந்ததா என்று கேட்டார். இல்லை, ஆனால் எங்கள் ஆபீஸ் டவுனுக்குள்தான் இருக்கிறது என்று என் கல் மண் ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதான், அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர்கள் நாட்டில் மாவட்டம் போல ஒன்று இருக்கிறதாம். லியோன் நகரம் அந்த மாவட்டத்தின் தலையாக இருந்ததாம். சில வருடங்களுக்கு முன்னால் நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்து, 'இனிமேல் மாவட்டத்தின் வேலையை எங்கள் எல்லைக்குள் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று தனியே போய்விட்டன. மிச்சமிருந்த கிராமங்கள் பழைய மாவட்டமாகவே இருக்கின்றன. கையிலிருந்த பூண்டை உடைத்து, பெரிய பல் ஒன்றைத் தனியே எடுத்துத் தரையில் வைத்தார். இது லியோன். மீதிப் பூண்டைப் பக்கத்தில் வைத்தார். இது நாங்கள். பிறகு அந்தத் தனிப் பல்லை விரலால் தட்டி, "எங்கள் மாவட்டத்து ஆபீஸ் இன்னும் இதற்குள்தான் இருக்கிறது" என்றார். தினமும் தன் மாவட்டத்தின் வேலையைப் பார்ப்பதற்காகத் தன் மாவட்டத்தை விட்டு வெளியே போய் வந்திருக்கிறார் பாவம். நானும் சிரித்தேன். ஐயாயிரம் மைல் தாண்டி ஒருத்தி எனக்குத் துணையாக இருந்திருக்கிறாள் என்று சந்தோஷமாக இருந்தது.

"சண்டை வரலையா?" என்று கேட்டேன்.

வந்திருக்குமே, ஆனால் உட்கார்ந்து பேசினோம் என்றார். சாலை யாருக்கு, கட்டடம் யாருக்கு, கடன் யாருக்கு, வேலைக்காரர்கள் எந்தப் பக்கம், ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசியிருக்கிறார்கள். தீயணைப்பு வண்டியை மட்டும் பிரிக்காமல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வைத்துக்கொண்டார்களாம். கடைசியில் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பேசாமல் விட்டதெல்லாம் பெரியவன் பக்கம் போய்விடும். அதனால் எதையும் பேசாமல் விடக்கூடாது."

என் வீட்டுக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. தம்பிதான் அவருக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசியில் சொன்னதை மட்டும் அவன் சொல்லவில்லை. "சுமுகமாப் பிரிஞ்சுட்டாங்களாம் மச்சான்" என்று முடித்துவிட்டான். அடுத்த சவாரிக்கு நேரமாகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இனி எங்கள் ஊர்க் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நடுவே சாமி இருக்கிறது. கோயில் தனி, தெரு தனி என்று கிடையாது, தெருவே கோயில்தான். அதனால் ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டோம். ஊருக்குக் கீழே நுழைகிற இடத்தில் ஒரு கல், மேலே வெளியேறுகிற இடத்தில் ஒரு கல். கீழ்கல், மேல்கல். கீழ்கல்லில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டால், மேல்கல் தாண்டித்தான் காலில் போடலாம். பனி உறைகிற மார்கழியில் கால் விறைத்துப் போகும், அப்போதும் அப்படித்தான். கான்கிரீட் லாரிக்காரன், கரண்டு ஆபீஸ்காரன், பள்ளிக்கூடத்து டீச்சர், யாராக இருந்தாலும் அதே வழக்கம்தான்.

மேல்கல்லுக்கு அந்தப் பக்கம் தோட்டம், அதற்கு மேலே தம்பியின் பாறைத் துண்டு, அதை ஒட்டிச் சோலைக்காடு. சோலையின் ஓரத்தில்தான் ஊற்று. எங்கள் ஊர் பூண்டு போடுகிறது என்றால் அந்த ஊற்றை நம்பித்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கறுப்பு ஹோஸ் ஊற்றிலிருந்து இறங்கி வரும். மோட்டார் வேண்டாம், கரண்டு வேண்டாம். வாயில் துணி கட்டி ஊற்றுக்குள் போட்டுவிட்டால் தண்ணீர் தானே இறங்கிவந்து படிப்படியாக இருக்கும் பாத்திகளில் தெளிப்பான் வழியாகச் சுற்றிச் சுற்றித் தெறிக்கும். கோடையில் குழம்புக்குத் தண்ணீர் இல்லாமல் டவுனே திண்டாடும்போதும் எங்கள் ஊற்று நின்றதில்லை. அது யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊருடையது, அவ்வளவுதான். ஊற்றுக்கு உரிமை கொண்டாடுவதை மூச்சுக்கு உரிமை கொண்டாடுகிற மாதிரி அசட்டுத்தனமாகத்தான் நினைத்திருப்போம்.

டவுனின் எல்லையை அகலப்படுத்தப் போகிறார்கள், சுற்றியுள்ள ஊர்களைச் சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. கடையில், ஜீப்பில், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. ஊர்க்கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் முதல் வார்த்தை பேசுகிற உரிமை ஊர்த் தலைவரான பெரியதனக்காரருக்கு. வயதானவர், சாமிக்குப் பயந்தவர். அவர் தம்பியைத்தான் பேசச் சொன்னார். டவுனில் இருப்பவன், நாலு ஆபீசருக்குத் தெரிந்தவன், கோயில் வரி தவறாமல் கொடுப்பவன்.

தம்பி எழுந்து, டவுனோடு சேரவே கூடாது என்றான்.

"டவுன்ல சேந்தா நூறு நாள் வேல போயிரும். வீட்டுக்கு வரி, தண்ணிக்கு வரி, குப்பைக்கு வரி. மாட்டுச் சாணி தெருவுல கெடந்தாக் கேள்வி கேப்பாய்ங்க. டூரிஸ்ட்டுப் பய பூட்ஸ் காலோட நம்ம சாமி தெருவுல வந்து நிப்பான். இது நமக்குத் தேவையா?"

தேவையில்லை என்று ஊரே கத்தியது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் தம்பி ஊருக்காகப் பேசுகிறான், டவுனில் வேலை பார்த்தாலும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லக்கூடச் செய்தேன். 

அவன் மேலும் சொன்னான். "பிரான்ஸ்ல ஒரு பெரிய டவுனு, சுத்தி இருக்கற கிராமமெல்லாம் தனி. அவங்க சோலிய அவங்க பாக்குறாங்க, இவங்க சோலிய இவங்க பாக்குறாங்க. அங்க வேல பாத்த அம்மாவே எங்கக்கா வீட்டுல உக்காந்து சொல்லுச்சு. அது மாதிரி நம்மளும் நம்ம ஊர மட்டும் தனியா வச்சுக்கிட்டாப் போதும். சுமுகமாப் போயிரும்."

நான் பெண்கள் நிற்கிற பக்கத்திலிருந்து கேட்டேன். "ஏலே, அந்தம்மா வேறயும் சொன்னாங்கள்ல? எல்லாத்தையும் உக்காந்து பேசிப் பிரிச்சாங்கன்னு?"

"அக்கா, அவங்களுக்கு மியூசியம் இருக்கு, பாலம் இருக்கு, பேசிப் பிரிச்சாங்க. நம்ம ஊர்ல பிரிக்கிறதுக்கு என்னக்கா கெடக்கு? உன் பூண்டையா பிரிக்கப் போறாங்க?"

ஊரே சிரித்தது. பெரியதனக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன், அவன் அப்படித்தான் என்னைச் சீண்டுவான், சின்னப் பிள்ளையிலிருந்தே.

சில வாரம் கழித்து அலுவலர்கள் இடம் பார்க்க வந்தார்கள். எந்தெந்தப் பகுதி ஊர்களோடு இருக்கட்டும், எது டவுனோடு வரட்டும் என்று வரைந்துகொண்டு, பிறகு ஆட்சேபம் கேட்பார்களாம். அவர்கள்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை, மரியாதையான ஆட்கள். வழிகாட்டி வந்தவன் தம்பி. கீழ்கல்லில் அவன்தான் அவர்களிடம் பக்குவமாகச் சொல்லிச் செருப்பைக் கழற்ற வைத்தான். பெரிய அதிகாரியின் ஷூவைக் குனிந்து தன் கையில் எடுத்துக்கொண்டான். ஊர் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டே நடந்தான். பெண்கள் வாசலில் நின்று பார்த்து, "என்ன ஒரு பயபக்தி பாரு" என்றார்கள்.

மேல்கல் வந்ததும் அந்த ஷூவைக் கல்லுக்கு அந்தப் பக்கமாக வைத்தான். அதிகாரி உட்கார்ந்து போட்டுக்கொண்டார். அவருக்கு இதெல்லாம் புதிதாகவும் பிடித்ததாகவும் இருந்தது முகத்தில் தெரிந்தது.

"அப்ப உங்க ஊர் இதோட முடியுதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் பெரியதனக்காரர். "ஊரு இதோட சரிங்க. மேல இருக்கறது தோட்டமும் சோலையும்ங்க."

அதிகாரி நல்ல மனுஷர்தான். இன்னொரு தரம் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பெரியவரே. இதுக்கு மேல உள்ளதையும் உங்க ஊரோட சேக்கணுமா?"

"அதெப்படிங்க சேக்க முடியும்? கல்லு சாமி வச்சது. நாங்களா தள்ளி வைக்கலாமா?"

சுற்றி நின்ற எல்லாரும் ஆமாம் என்றார்கள். எங்கள் கணக்கில் அதற்கு மேல் பேசவே இடமில்லை. கல்லுக்கு அந்தப் பக்கத்தையும் ஊர் என்று சொன்னால், தலைமுறை தலைமுறையாக ஊருக்குள் செருப்புப் போட்டு மிதித்தவர்கள் ஆகிவிடுவோம். தெய்வக் குத்தம். மண்ணுக்கு ஆசைப்பட்டுச் சாமி எல்லையை நீட்டியவர்கள் என்ற பெயர் வேறு. அதனால் அந்தக் கிழவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தன் ஊருக்குச் சேர வேண்டியதை வேண்டாம் என்று சொன்னார். அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று அங்கே நின்ற எங்களில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் சோலைப் பக்கம் திரும்பி நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்சேபம் சொல்வதற்குக் காலம் கொடுத்தார்கள். "டவுன்ல இருக்கவன் நீதான், பாத்துக்கப்பா" என்று பெரியதனக்காரர் தம்பியிடம் சொல்லியிருந்தார். நான் போனில் கேட்டபோது, "வழக்கமான பேப்பர்தான்க்கா, நம்ம ஊரு தனியாத்தான் இருக்கு, சாமி புண்ணியத்துல ஒண்ணும் ஆகல" என்றான். அவன் சொன்னது சரிதான். ஊர் தனியாகத்தான் இருந்தது.

மழை முடிந்து பூண்டு நட்டாயிற்று. ஒரு நாள் காலையில் எங்கள் பாத்தியில் தண்ணீர் தெறிப்பது நின்றுபோனது. ஹோஸ் வாயில் இலை அடைத்திருக்கும் என்று வீட்டுக்காரர் மேலே போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தார். கேட்டதற்கு, "போய்ப் பாரு" என்றார்.

மேல்கல்லுக்குப் பக்கத்தில் ஊரிலுள்ள எல்லா வீட்டு ஹோஸும் வளையம் வளையமாகச் சுற்றி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெட்டி எறிந்திருந்தால்கூடச் சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும். மேலே ஏறினேன். ஊற்றைச் சுற்றிக் கம்பி வேலி. உள்ளே சிமெண்ட் தொட்டி எழும்பிக்கொண்டிருந்தது. தம்பியின் பாறைத் துண்டில் பேத்துப்பாறை ஊர்ப் பக்கத்து ஆட்கள் காட்டேஜுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர் ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் என் தம்பி, அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தபடி.

என்னைப் பார்த்ததும் நாடாவை விட்டுவிட்டு ஓடி வந்தான். "வாக்கா, டீ குடிக்கிறியா?" என்றான்.

"ஏலே, ஊத்துல என்னடா நடக்குது?"

"இது டவுன் எல்லைக்குள்ள வந்துருச்சுக்கா. இவரும் நானும் சேந்து பண்றோம். முறைப்படி அனுமதி வாங்கித்தான் பண்றோம். டவுனுக்குள்ள இருந்தாத்தான் இந்த எடத்துக்கு மதிப்பு, ஊருக்குள்ள இருந்தா யாரு வருவா?"

"ஊத்து ஊருதுடா."

"ஊருக்கு வெளிய இருக்குக்கா."

"யாருடா சொன்னது?"

 குரலை உயர்த்தவே இல்லை. "நீங்கதான்க்கா சொன்னீங்க. நான் ஒரு வார்த்த பொய் சொல்லிருக்கனா? கேட்டாங்க, நீங்க காட்டுனீங்க. ரெண்டு தடவ கேட்டாரு அந்த மனுஷன். நான் வாயே தொறக்கலையே."

"அதுதான்டா" என்றேன்.  எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அன்று கோபம் வரவில்லை.  யாரோ வெளியாள் ஏமாற்றியிருந்தால், சாபம் விட்டிருப்பேன், மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். கல்லில் செருப்பைக் கழற்றி வளர்ந்தவனுக்குத்தான் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தினால் என்ன சொல்வோம் என்று தெரியும். எங்களுக்குச் சாமிமேல் இருந்த பயத்தை எடுத்து எங்கள் கழுத்தை அறுத்துவிட்டான்.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். அந்த இடம் இப்போது எங்களுடையது இல்லையே என்றார்கள். அங்கிருந்து எட்டி நடந்தால் வருகிற நகராட்சிக்குப் போனோம். ஆட்சேபக் காலம் முடிந்துவிட்டது, நீங்களே காட்டிய எல்லைதானே, வேண்டுமானால் மாவட்டத்தில் மனு கொடுங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னார்கள். திண்டுக்கல்லுக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். மனு இன்னும் அங்கே இருக்கிறது. பெரியதனக்காரர் அதன் பிறகு கூட்டத்தில் முதல் வார்த்தை பேசுவதை விட்டுவிட்டார். கேட்டால், "நான் பேசுனது போதும்ப்பா" என்கிறார். அவர் செய்தது தப்பு என்று நான் ஒரு நாளும் நினைக்க மாட்டேன்.

வெயில் ஏறியது. பூண்டு அடியில் திரள்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் வீண். தாள் நுனி மஞ்சளடித்து மடங்கத் தொடங்கியது. பெண்கள் கீழே ஓடையிலிருந்து குடத்தில் சுமந்து பாத்திக்கு ஊற்றிப் பார்த்தோம். மேட்டில் குடத்தோடு ஏறி ஊற்றினால் மண் அதை நக்கிவிட்டு இன்னும் கேட்கிறது.

அப்போதுதான் ஒரு நாள் ஜீப் தடத்தில் தண்ணீர் டேங்கர் வந்து நின்றது. டிரைவர் ஊருக்குப் புதியவர். கீழ்கல்லில் நின்று என் வீட்டைக் கேட்டாராம். என்னிடம் வந்து, "காட்டேஜ் அண்ணன் அனுப்புனாருங்க. உங்க ஒரு வீட்டுக்கு மட்டும்னு சொல்லிருக்காரு" என்றார். அதை மெதுவாகவும் சொல்லவில்லை. குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாருக்கும் கேட்டது.

ஒரு சொம்பில் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். பல் கூசுகிற குளிர், இலை ஊறிய லேசான துவர்ப்பு. எங்கள் ஊற்றுத் தண்ணீர்.

"திருப்பி அனுப்பு" என்றார் வீட்டுக்காரர். நான் திருப்பி அனுப்பவில்லை. குழாயை ஊர்ப் பொதுத் தொட்டியில் போடச் சொன்னேன். பொதுத் தொட்டி நிரம்பினால் எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும், ஊற்று ஊருக்கு வந்த மாதிரி ஆகட்டும் என்று அந்த நேரத்துப் புத்திக்குத் தோன்றியது. தொட்டி நிரம்பியது. "எடுங்க, எல்லாரும் எடுங்க" என்றேன். ஒருத்தியும் குடத்தை நீட்டவில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரி, என்னோடு பாத்தி வெட்டி, என்னோடு களை எடுத்தவள், கோபமில்லாமல்தான் சொன்னாள். "உன் தம்பி உனக்குன்னு அனுப்புனது. நீயே ஊத்திக்க."

எல்லாரும் ஓடைக்கு இறங்கிப் போனார்கள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மத்தியானம் வரை நின்றேன். பிறகு என் பாத்தியைப் பார்த்தேன். உழைத்து நட்ட பயிர் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தால் ரோஷம் எவ்வளவு நேரம் நிற்கும்? ஊற்றினேன். அடுத்த வாரமும் டேங்கர் வந்தது, அதற்கு அடுத்த வாரமும். தம்பி போன் செய்து, "தண்ணி வந்துச்சாக்கா?" என்று கேட்டான். குரலில் உண்மையான அக்கறை இருந்தது, அதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். "வந்துச்சு" என்றேன்.

எங்கள் ஊரில் பூண்டு பிடுங்குவது கைமாற்று வேலை. இன்று உன் தோட்டத்துக்கு நாங்கள், நாளை எங்கள் தோட்டத்துக்கு நீ. கூலி கிடையாது, காபியும் சோறும் கேலியும்தான். நாள் குறித்து வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யாரும் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார்கள். நான் வெள்ளனவே எழுந்து எல்லாருக்கும் சோறு ஆக்கினேன்.

அந்த வருடம் பூண்டு விளைந்தது எங்கள் தோட்டத்தில் மட்டும்தான். நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பாத்தியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி காய்ந்த தன் தோட்டத்தைத் தாண்டி, எங்கள் வரப்போரமாக விறகு எடுக்கப் போனாள். வழியில் பூண்டு பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்து மரியாதை. அவள் அதை விடவில்லை. நின்று, "நல்லா வெளைஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

என் கையில் முழுப் பூண்டு, மண் உதிராமல், கனமாக இருந்தது.  அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.